குழந்தைகளின் சிறுநீரகப் பாதிப்பைக் கணினி எப்படி அளக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கேன் ரிப்போர்ட்டில் "இடது 43%, வலது 57%" என்றோ, "சிறுநீரக இடுப்பின் அகலம் 14 மி.மீ." என்றோ ஓர் எண் இருக்கும். (சிறுநீரக இடுப்பு என்பது சிறுநீரகத்துக்குள் சிறுநீர் வந்து சேரும் புனல் போன்ற பகுதி.) பெற்றோரின் கண் முதலில் அங்கேதான் போகும். அந்த எண் எங்கிருந்து வருகிறது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்று அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். இந்தத் துறையில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கும் இதில் சில பகுதிகள் உதவலாம்.

கணினி அளக்கிறது என்றால், சரியாக எதை?

ஸ்கேனுக்கு ஸ்கேன் இது மாறும். அல்ட்ராசவுண்டில் நீளம், அகலம், பரப்பு ஆகியவற்றை அளக்கலாம். டி.எம்.எஸ்.ஏ போன்ற அணு மருத்துவ ஸ்கேனில், அதாவது சிறிதளவு கதிரியக்க மருந்தைச் செலுத்தி எடுக்கும் ஸ்கேனில், ஒவ்வொரு சிறுநீரகமும் எவ்வளவு மருந்தை உறிஞ்சியது என்பதை அளக்கலாம். எம்.ஆர்.ஐ.யில் கன அளவையும், மருந்து உள்ளே வந்து வெளியேறும் வேகத்தையும் அளக்கலாம்.

இவற்றில் எதுவுமே "சேதம்" என்ற ஒன்றை நேரடியாக அளப்பதில்லை. சேதம் ஏற்பட்டால் மாறக்கூடிய ஏதோ ஒன்றை அளந்து, அதிலிருந்து நாம்தான் சேதத்தை ஊகிக்கிறோம். இந்த வேறுபாடு மனதில் இருந்தால் கீழே உள்ள பாதிப் பதில்கள் தானாகவே விளங்கும்.

குழந்தைகளுக்கு ஏன் இத்தனை முறை ஸ்கேன்?

ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள், அதாவது வடிகட்டும் நுண்ணலகுகள், இருக்கின்றன. இவை கருவிலேயே உருவாகி முடிந்துவிடுகின்றன. கர்ப்பத்தின் 36-ஆம் வாரம் வாக்கில் அந்த வேலை நின்றுவிடும். அதற்குப் பிறகு சிறுநீரகம் பெரிதாகும், ஆனால் புதிய நெஃப்ரான் பிறக்காது. இழந்தது இழந்ததுதான். மிஞ்சியிருப்பவை பருத்து, கூடுதல் வேலையைச் சுமந்து சமாளிக்கும்.

குழந்தைகளிடம் இந்த இழப்புக்கு மூன்று பொதுவான வழிகள் உண்டு. சிறுநீர்த் தொற்று சிறுநீரகம் வரை ஏறித் தழும்பை விட்டுச்செல்வது ஒன்று. சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் மேல்நோக்கித் திரும்பிப் போகும் ரிஃப்ளக்ஸ் இரண்டாவது. இது பல நேரம் முதல் பிரச்சினையோடு கைகோத்தே வரும். பாதையில் எங்கோ அடைப்பு ஏற்பட்டு, தேங்கிய சிறுநீர் சிறுநீரகத்தை வீங்க வைப்பது மூன்றாவது. ஆண் குழந்தைகளுக்கு மட்டும் வரும் பின்புறச் சிறுநீர்த்தாரை வால்வு என்ற பிறவிக் குறை, இந்த மூன்றாவது வகையில் மிகவும் கடுமையானது.

மூன்றுமே வெளியே அறிகுறி காட்டாமல் வருடக்கணக்கில் நடக்கக்கூடியவை. அதனால்தான் திரும்பத் திரும்ப அளக்க வேண்டியிருக்கிறது.

ரத்தப் பரிசோதனை செய்தால் போதாதா?

போதாது, ஆனால் அதுவும் கட்டாயம் வேண்டும். ரத்தத்திலுள்ள கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவையும் குழந்தையின் உயரத்தையும் வைத்து வடிகட்டும் திறனை மதிப்பிடும் சூத்திரம் ஒன்று 2009 முதல் பரவலாகப் பயன்படுகிறது. உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து, 0.413-ஆல் பெருக்கி, கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். 100 செ.மீ. உயரமும் 0.4 கிரியேட்டினினும் உள்ள குழந்தைக்குச் சுமார் 103 வரும். அது நல்ல எண்.

ஆனால் அந்த எண் இரண்டு சிறுநீரகங்களின் கூட்டுத்தொகை. ஒன்று முழுவதும் செயலிழந்து, மற்றொன்று ஈடுகட்டிக்கொண்டிருந்தாலும் ரத்தப் பரிசோதனை இயல்பாகவே வரலாம். எந்தப் பக்கம் பழுது, எவ்வளவு பழுது என்பது ஸ்கேனில்தான் தெரியும்.

டி.எம்.எஸ்.ஏ ஸ்கேனில் வரும் சதவீதத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பெற்றோர் அதிகம் கவலைப்படும் எண் இதுதான். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை டி.எம்.எஸ்.ஏ என்ற வேதிப்பொருளோடு சேர்த்து, மிகச் சிறிய அளவில் ரத்தநாளத்தில் செலுத்துவார்கள். சிறுநீரகத்தின் புறப்பகுதியில் உள்ள நுண்குழல்களின் செல்கள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 2 முதல் 4 மணி நேரம் கழித்துக் காமா கேமரா முன் குழந்தையைப் படுக்கவைத்துப் படம் எடுப்பார்கள். செல்கள் உயிரோடு வேலை செய்யும் இடம் பிரகாசமாகத் தெரியும், செத்த இடம் மங்கலாகவோ வெறுமையாகவோ தெரியும்.

கேமரா செய்வது எண்ணும் வேலை. ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனை காமா கதிர்கள் வந்து விழுந்தன என்று எண்ணிக்கொண்டே இருக்கும். பிறகு மென்பொருளிலோ கையாலோ ஒவ்வொரு சிறுநீரகத்தையும் சுற்றி ஒரு கோடு வரைந்து, உள்ளே இருக்கும் எண்ணிக்கையைக் கூட்டுவார்கள். இடதின் பங்கு எவ்வளவு, வலதின் பங்கு எவ்வளவு என்பதுதான் அந்தச் சதவீதம்.

கேட்க எளிது, ஆனால் நடுவே இரண்டு திருத்தங்கள் உண்டு.

முதலாவது பின்னணிக் கழிவு. சிறுநீரகத்துக்கு முன்னும் பின்னும் உள்ள தசை, கல்லீரல், ரத்தம் ஆகியவற்றிலும் கொஞ்சம் மருந்து இருக்கும். அதிலிருந்து வரும் கதிர்களும் கோட்டுக்குள்ளேயே விழும். ஓர் உதாரணம் பார்ப்போம். இடது கோட்டுக்குள் 90,000, வலது கோட்டுக்குள் 20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே கணக்கிட்டால் வலதின் பங்கு 18%. இரண்டு பக்கமும் 10,000 பின்னணி என்று கழித்தால் 80,000-மும் 10,000-மும் மிஞ்சும். இப்போது வலதின் பங்கு 11%. குழந்தையும் அதே குழந்தை, படமும் அதே படம். பலவீனமான சிறுநீரகத்தில் இந்தத் திருத்தம் எவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்து தெரியும். பின்னணியை எங்கே அளப்பது என்பதில் ஆளுக்கு ஆள், மையத்துக்கு மையம் வேறுபாடு உண்டு.

இரண்டாவது ஆழம். முதுகுப் பக்கத்திலிருந்து மட்டும் படம் எடுத்தால், ஆழத்தில் இருக்கும் சிறுநீரகத்தின் கதிர்கள் வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். ஒரு சென்டிமீட்டர் ஆழ வேறுபாட்டிலேயே பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையலாம். இயல்பான இடத்தில் இரண்டு சிறுநீரகங்களும் இருந்தால் இது பெரிய பிரச்சினை இல்லை. இடம் மாறி இடுப்புக்குழியில் இருக்கும் சிறுநீரகமோ, குதிரைலாட வடிவில் ஒட்டிப்பிறந்தவையோ என்றால், முன்னிருந்தும் பின்னிருந்தும் படம் எடுத்து, இரண்டு எண்ணிக்கைகளையும் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பார்கள். அதைச் செய்யாத ரிப்போர்ட்டில் அந்தச் சிறுநீரகத்தின் பங்கு உண்மையைவிடக் குறைவாகத் தோன்றும்.

50-50 வந்துவிட்டது. அப்படியானால் கவலையில்லையா?

பெரும்பாலும் இல்லை. பொதுவாக 45 முதல் 55 வரை இயல்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அது பங்கு மட்டுமே. இரண்டு பேர் ஒரு சுமையைச் சரிபாதியாகத் தூக்குகிறார்கள் என்றால் இருவரும் பலசாலிகள் என்று அர்த்தமில்லை, இருவருமே நோஞ்சான்களாக இருக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே அளவு தழும்பு விழுந்திருந்தாலும் 50-50 தான் வரும். அதனால் இந்த எண்ணைக் கிரியேட்டினினோடும், ரத்த அழுத்தத்தோடும், படத்தில் தழும்பு தெரிகிறதா என்பதோடும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. நீர் தேங்கி வீங்கிய சிறுநீரகம் சில நேரம் 55%-க்கு மேல் காட்டும். சேதமடைந்த பக்கம் அதிகமாக வேலை செய்வது போல் தோன்றும். உண்மையிலேயே ஈடுகட்டுகிறதா, அல்லது வீக்கத்தால் பின்னணிக் கணக்குக் குழம்பியதா என்பதை ஒரே ஸ்கேனை வைத்துச் சொல்வது கடினம். எண் உயர்வாக இருக்கிறதே என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

போன முறை 48, இந்த முறை 45. சிறுநீரகம் கெட்டுப்போகிறதா?

இந்தக் கேள்வியோடு வரும் முகங்களில் இருக்கும் பயம் எனக்கு நன்றாகத் தெரியும். உடனே பயப்பட வேண்டியதில்லை.

கதிர்வீச்சை எண்ணும்போது இயல்பாகவே ஓர் ஆட்டம் இருக்கும். 10,000 எண்ணிக்கைக்கு ஏறத்தாழ 100, அதாவது 1% முன்னே பின்னே போகும். ஒழுங்காக எடுத்த ஸ்கேனில் இது சின்ன விஷயம். பெரிய ஆட்டம் வேறு இடங்களிலிருந்து வருகிறது. குழந்தை அசைந்திருக்கலாம், கோட்டை வரைந்தவர் மாறியிருக்கலாம், பின்னணியை வேறு இடத்தில் அளந்திருக்கலாம், கேமராவோ மென்பொருளோ மாறியிருக்கலாம். இவை எல்லாம் சேர்ந்து சில சதவீதம் மாறுவது சாதாரணம்.

அதனால்தான் டாக்டர்கள் ஒரே ஒரு சிறிய இறக்கத்தை வைத்து முடிவெடுப்பதில்லை. 5 அல்லது 10 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் இறக்கம், அல்லது 40%-க்குக் கீழே போவது போன்ற எல்லைகளை வைத்திருக்கிறார்கள். அதுவும் வீக்கம் கூடுகிறதா, தொற்று திரும்ப வருகிறதா என்று மற்றவற்றையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

கணினியின் உண்மையான உதவி இங்கேதான் என்பது என் உறுதியான கருத்து. மனிதர்கள் இன்று ஒரு மாதிரி, ஆறு மாதம் கழித்து வேறு மாதிரி கோடு வரைவார்கள். மென்பொருள் அதே படத்தைக் கொடுத்தால் அதே கோட்டைத்தான் வரையும். அந்தக் கோடு கொஞ்சம் தவறாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் அதே விதமாகத் தவறியிருந்தால், மாற்றத்தைப் பார்க்க அது போதும். குழந்தையைப் பல வருடம் தொடர்ந்து கவனிக்கும் வேலையில் இந்தச் சீர்மை பெரிய வரம்.

தழும்பைக் கணினியே கண்டுபிடித்துவிடுமா?

ஓரளவு முடியும். சிறுநீரகத்தின் புறப்பகுதி முழுவதையும் புள்ளி புள்ளியாக எடுத்து, ஆரோக்கியமான பகுதியின் உச்சப் பிரகாசத்தோடு ஒப்பிட்டு, ஓர் எல்லைக்குக் கீழே மங்கியிருப்பவற்றைக் குறிப்பது ஒரு முறை. இயல்பான குழந்தைகளின் படங்களைத் தொகுத்து ஒரு சராசரி வரைபடம் செய்து, அதிலிருந்து விலகும் இடங்களைக் காட்டுவது இன்னொரு முறை. குறித்த பகுதி மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று சொன்னால், "சிறு தழும்பு", "பெரிய தழும்பு" என்ற வார்த்தைகளுக்குப் பதிலாக ஒப்பிடக்கூடிய ஓர் எண் கிடைக்கிறது.

ஆனால் மங்கலான இடம் எல்லாம் தழும்பு இல்லை. இடது சிறுநீரகத்தின் மேல்பகுதியை மண்ணீரல் அழுத்துவதால் அங்கே தட்டையாகத் தெரியும். பிறவியிலேயே சில சிறுநீரகங்களின் ஓரம் மடிப்பு மடிப்பாக இருக்கும். வீங்கிய உட்குழிவுகள், அதாவது சிறுநீர் சேரும் உள்ளறைகள், வெறும் ஓட்டையாகத் தெரியும். அனுபவமுள்ள டாக்டர் ஒரு பார்வையில் ஒதுக்கிவிடும் இவற்றை, பழக்கப்படாத மென்பொருள் தழும்பு என்று எண்ணிவிடலாம்.

காலமும் முக்கியம். காய்ச்சலோடு தொற்று இருக்கும்போது எடுத்தால், வீக்கத்தால் தற்காலிகமாக மங்கிய இடமும் குறைபாடாகத் தெரியும். அது பின்னால் மறைந்தும் போகலாம். நிரந்தரத் தழும்பா என்று அறியத் தொற்று அடங்கி 4 முதல் 6 மாதம் கழித்து எடுப்பது வழக்கம். தேதி தெரியாமல் படத்தை மட்டும் பார்க்கும் எந்தக் கணினியாலும் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

தழும்பை நம்பகமாக அளப்பது சிகிச்சையைச் சோதிக்கவும் தேவை. ரிஃப்ளக்ஸ் உள்ள 607 குழந்தைகளிடம் தினசரி ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்த்த ரிவர் என்ற ஆய்வு 2014-இல் வெளியானது. தொற்று மீண்டும் வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆனால் தழும்பு விழுந்த விகிதத்தில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இது போன்ற ஆய்வுகளில் "தழும்பு உண்டா, இல்லையா" என்பதற்கு மேல் "எவ்வளவு" என்று துல்லியமாக அளக்க முடிந்தால், சிறிய நன்மைகளையும் கண்டுபிடிக்க வாய்ப்பு கூடும்.

அல்ட்ராசவுண்டில் கணினி என்ன செய்கிறது?

நீர் தேங்கிய வீக்கத்தைப் பொதுவாக இரண்டு விதமாகச் சொல்வார்கள். சிறுநீரக இடுப்பின் முன்பின் அகலத்தை மில்லிமீட்டரில் சொல்வது ஒன்று. பிறந்த பிறகு 10 மி.மீ.-க்குக் கீழே இருந்தால் அகலம் மட்டில் இயல்பு. 15-ஐத் தொட்டால் கூடுதல் கவனம். இன்னொன்று தரம் பிரிப்பது. 1993-இல் வந்த எஸ்.எஃப்.யு முறையில் 0 முதல் 4 வரை தரங்கள் உண்டு. 2014-இல் பல துறை டாக்டர்கள் கூடி உருவாக்கிய யு.டி.டி முறை, அகலம், உட்குழிவு வீக்கம், சதைப்பகுதியின் (வடிகட்டும் திசுவின்) தடிமன், சிறுநீர்ப்பையின் நிலை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறது.

தரம் பிரிப்பதில் பிரச்சினை என்னவென்றால், ஒரே படத்தை இரண்டு டாக்டர்களிடம் கொடுத்தால் ஒருவர் 2 என்பார், மற்றவர் 3 என்பார். எஸ்.எஃப்.யு முறையில் தரம் 3-க்கும் 4-க்கும் உள்ள வேறுபாடு சதைப்பகுதி மெலிந்திருக்கிறதா என்பதில் இருக்கிறது. "மெலிந்திருக்கிறது" என்பதற்கு ஆளுக்கு ஓர் அளவுகோல்.

இங்கேதான் பரப்பை அளக்கும் யோசனை வந்தது. சிறுநீரகத்தின் வெளி எல்லையையும், உள்ளே நீர் நிற்கும் பகுதியின் எல்லையையும் மென்பொருள் வரைகிறது. மொத்தப் பரப்பில் சதை எத்தனை பங்கு, நீர் எத்தனை பங்கு என்று வகுத்துச் சொல்கிறது. மொத்தம் 20 சதுர செ.மீ., நீர் 5 என்றால் சதை 75%. தரம் 3 என்ற பெட்டிக்குள்ளேயே ஒரு குழந்தை மெல்ல மோசமாவதையும் மெல்லத் தேறுவதையும் இந்த எண் காட்டிக்கொடுக்கும். பின்புறச் சிறுநீர்த்தாரை வால்வு உள்ள குழந்தைகளில், முதல் அல்ட்ராசவுண்டில் சதைப்பகுதியின் பரப்பு குறைவாக இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் சிறுநீரகம் செயலிழக்கும் ஆபத்து அதிகம் என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். அல்ட்ராசவுண்ட் படம், எடுப்பவரின் கையைப் பொறுத்தது. கருவியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் வேறு வெட்டுமுகம் வரும், பரப்பும் மாறும். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் வீக்கம் கூடுதலாகத் தெரியும். பிறந்து முதல் 48 மணி நேரத்துக்குள் எடுத்தால், குழந்தையின் உடலில் நீர் குறைவாக இருப்பதால் வீக்கம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். மென்பொருள் எவ்வளவு நன்றாக வரைந்தாலும், தவறான நேரத்தில் எடுத்த படத்தைச் சரியாக்க அதனால் முடியாது.

நீளம், அகலம், தடிமன் மூன்றையும் பெருக்கி 0.52-ஆல் பெருக்கிக் கன அளவு சொல்வதும் உண்டு. மூன்று அளவிலும் 10% கூடிவிட்டால் கன அளவு 33% கூடிவிடும். அந்த எண்ணைப் பார்க்கும்போது இதை மறக்க வேண்டாம்.

நீளம் மட்டும் போதாதா?

எளிய அளவு, நல்ல அளவு. வயதுக்கேற்ற நீளத்துக்கு அட்டவணைகள் உண்டு. ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு, வயதை 0.22-ஆல் பெருக்கி 6.79 கூட்டினால் சராசரி நீளம் சென்டிமீட்டரில் வரும். 5 வயதுக்குச் சுமார் 7.9 செ.மீ. வளர்ச்சி நின்றுபோவது சேதத்தின் நல்ல அடையாளம். ஆனால் வீங்கிய சிறுநீரகமும் நீளமாகத்தான் இருக்கும்.

செயற்கை நுண்ணறிவு இந்தக் கோடுகளை எப்படிக் கற்றுக்கொள்கிறது?

நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான படங்களில் டாக்டர்கள் கையால் எல்லை வரைந்து கொடுப்பார்கள். மென்பொருள் தானே ஓர் எல்லையை ஊகித்து, டாக்டர் வரைந்ததோடு ஒப்பிட்டு, தன்னைத் திருத்திக்கொண்டே போகும். மருத்துவப் படங்களுக்கு இந்த வேலையில் பெரிய திருப்பம் 2015-இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் உருவான யு-நெட் என்ற வலையமைப்பு. குறைந்த எண்ணிக்கைப் படங்களிலிருந்தும் கற்றுக்கொள்ளும் என்பதுதான் அதன் பலம். குழந்தைகளின் படங்கள் எப்போதுமே குறைவு, ஆகவே இந்தத் துறைக்கு அது ரொம்பப் பொருந்தியது.

எவ்வளவு நன்றாக வரைந்தது என்பதை டைஸ் குணகம் என்ற எண்ணால் சொல்வார்கள். டாக்டர் வரைந்த பரப்பு 100 புள்ளி, கணினி வரைந்ததும் 100 புள்ளி, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி 90 புள்ளி என்றால் குணகம் 0.9. ஒன்று வந்தால் அச்சு அசல்.

ஆய்வுக் கட்டுரைகளில் 0.9-க்கு மேல் வந்ததும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. தழும்பு என்பது ஓரத்தில் இருக்கும் சின்னப் பள்ளம். அந்தப் பள்ளத்தையே மழுப்பி நேராக வரைந்துவிட்டாலும் மொத்தப் பரப்பில் ஒன்றிரண்டு சதவீதம்தான் மாறும், குணகம் ஒய்யாரமாக 0.95-இல் நிற்கும். நாம் தேடிய ஒரே விஷயம் தொலைந்துபோயிருக்கும். அதனால் எல்லைக்கோடு அதிகபட்சம் எத்தனை மில்லிமீட்டர் விலகியது, தழும்புள்ள குழந்தைகளில் எத்தனை பேரைத் தவறவிட்டது என்றும் கேட்க வேண்டும்.

பெரியவர்களின் படங்களில் கற்ற மென்பொருளைக் குழந்தைகளுக்குப் பயன்படுத்தலாமா?

தனியாகச் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது. குழந்தை சின்ன உருவிலான பெரியவர் இல்லை. பச்சிளங்குழந்தையின் அல்ட்ராசவுண்டில் சிறுநீரகத்தின் புறப்பகுதி வெளிச்சமாகவும் உள்ளே உள்ள பிரமிடுகள் கருமையாகவும் தெரியும். பழக்கமில்லாத கண்ணுக்கு அந்தக் கருமை நீர் தேங்கியது போலவோ நீர்க்கட்டி போலவோ தோன்றும், மென்பொருளுக்கும் அப்படியே. சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பும் குழந்தைகளுக்குக் குறைவு, ஆகவே எல்லை மங்கலாக இருக்கும். ஓரத்தில் மடிப்புகள் இருக்கும். ஒரு வயதுக் குழந்தையும் பதினைந்து வயதுப் பிள்ளையும் ஒரே "குழந்தைகள்" பட்டியலில் இருந்தாலும், படத்தில் இருவருக்கும் ஒற்றுமை குறைவு.

எந்த வயதுக் குழந்தைகளின் படங்களில் கற்றது, எந்தக் கருவியில் எடுத்தவை, பிறவிக் குறை உள்ள சிறுநீரகங்கள் அதில் இருந்தனவா என்ற மூன்றுக்கும் பதில் இல்லாத மென்பொருளை நான் நம்ப மாட்டேன்.

அடைப்பைப் பார்க்கும் ஸ்கேனில் வரும் வளைகோடு என்ன?

எம்.ஏ.ஜி.3 போன்ற கதிரியக்க மருந்தைச் செலுத்தி, அது சிறுநீரகத்துக்குள் ஏறி இறங்குவதை நிமிடத்துக்கு நிமிடம் வரைவார்கள். நடுவில் சிறுநீரைக் கூட்டும் ஃபுரோசமைடு கொடுப்பார்கள். தேங்கியது பாதியாகக் குறைய 10 நிமிடத்துக்குள் என்றால் நல்லது, 20-ஐத் தாண்டினால் அடைப்புச் சந்தேகம், இடையில் என்றால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பெரிதாக வீங்கிய சிறுநீரகம் அடைப்பே இல்லாவிட்டாலும் மெதுவாகத்தான் காலியாகும். குழந்தைக்கு நீர்ச்சத்துக் குறைவு, நிரம்பிய சிறுநீர்ப்பை, இன்னும் முதிராத பச்சிளம் சிறுநீரகம் ஆகியவையும் வளைகோட்டைத் தாழவிடாது. இந்த நிமிடக் கணக்கை மட்டும் வைத்து முடிவு எடுப்பதைப் பெரும்பாலான டாக்டர்கள் தவிர்க்கிறார்கள்.

எம்.ஆர்.ஐ, சி.டி?

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை, சதைப்பகுதியின் கன அளவைத் துண்டு துண்டாகக் கூட்டித் துல்லியமாகச் சொல்லலாம். ஆனால் அசையாமல் படுக்க வேண்டும், சின்னக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். சிறுநீரகத் திறன் மிகவும் குறைந்தவர்களுக்குக் படத்தைத் தெளிவாக்கச் செலுத்தும் கடோலினியம் மருந்து தருவதில் கூடுதல் எச்சரிக்கை தேவை. சி.டி.யைக் குழந்தைகளுக்கு இந்த அளவீட்டுக்காக மட்டும் எடுப்பதில்லை. கட்டி, விபத்துக் காயம் என்று வேறு காரணம் இருந்தால் எடுப்பார்கள்.

டி.எம்.எஸ்.ஏ.யின் கதிர்வீச்சு ஆபத்தானதா?

ஒரு ஸ்கேனுக்குச் சுமார் 1 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்தே ஒருவருக்கு வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. டெக்னீசியத்தின் பாதி ஆறு மணி நேரத்தில் அழிந்துவிடும். மருந்தின் அளவும் குழந்தையின் எடைக்கேற்பக் குறைக்கப்படும். தேவையுள்ள குழந்தைக்குத் தயங்க வேண்டாம். தேவையில்லாமல் திரும்பத் திரும்ப எடுப்பதைத் தவிர்க்க வேண்டும். குறைந்த எண்ணிக்கையுள்ள மங்கலான படத்தையும் தெளிவாக்கும் மென்பொருள்கள், இன்னும் குறைந்த மருந்தில் வேலையை முடிக்க உதவக்கூடும். ஆனால் தெளிவாக்கும்போது சின்னத் தழும்பையும் சேர்த்து அழித்துவிடாமல் இருக்கிறதா என்று கவனமாகச் சோதிக்க வேண்டும்.

எந்த நோயில் இந்த அளவுகள் பயன்படாது?

நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோமிலும், வடிகட்டும் பகுதியையே தாக்கும் பல அழற்சி நோய்களிலும். சிறுநீரில் புரதம் கொட்டிக்கொண்டிருக்கும்போதும் ஸ்கேன் இயல்பாக இருக்கலாம். அங்கே சிறுநீர்ப் பரிசோதனையும், தேவைப்பட்டால் பயாப்சியும்தான் வழி.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகும்போது என்ன கேட்கலாம்?

"இந்த எண் எவ்வளவு?" என்பதைவிட "போன முறைக்கு இப்போது என்ன மாற்றம், அந்த மாற்றம் அளவீட்டின் ஆட்டத்துக்குள் அடங்குமா?" என்று கேளுங்கள். இரண்டு ஸ்கேனும் ஒரே முறையில், ஒரே மென்பொருளில் கணக்கிடப்பட்டனவா என்று கேளுங்கள். கணினி வரைந்த கோட்டை ஒருவர் சரிபார்த்தாரா என்றும் கேட்கலாம். நல்ல டாக்டர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். திரையிலேயே கோட்டைக் காட்டி விளக்குவார்.

அறுவை சிகிச்சை வேண்டுமா என்ற பேச்சு வந்தால், எந்தக் காரணங்கள் சேர்ந்து அந்த முடிவுக்குக் கொண்டுவந்தன என்று கேளுங்கள். ஓர் எண் மட்டுமே காரணம் என்றால் இன்னொரு கருத்துக் கேட்பதில் தவறில்லை. எண், தொற்று, வளர்ச்சி, ரத்த அழுத்தம் எல்லாம் ஒரே பக்கம் கைகாட்டினால் தள்ளிப்போடாதீர்கள். இழந்த நெஃப்ரான் திரும்பி வராது.

மையம் மாற வேண்டியிருக்கிறது. பழைய ரிப்போர்ட் தாள் மட்டும் போதுமா?

போதாது. தாளில் அச்சடித்த படத்திலிருந்து மறுபடி அளக்க முடியாது. டைகாம் என்ற வடிவில் மூலப்படங்களைக் குறுந்தட்டிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்கி வையுங்கள். ஒரு புள்ளி எத்தனை மில்லிமீட்டர், எந்தத் தேதி, எந்தக் கருவி என்ற விவரம் அந்தக் கோப்புக்குள் இருக்கும். டி.எம்.எஸ்.ஏ என்றால் எண்ணிக்கைகள் அடங்கிய மூலக்கோப்பையே கேளுங்கள், வண்ணப்படம் மட்டும் போதாது. புதிய மையம் பழைய படத்தையும் புதிய படத்தையும் தங்கள் மென்பொருளில் சேர்த்தே அளந்தால், இரண்டு எண்களும் ஒரே அளவுகோலில் வந்துவிடும். குழந்தையின் பெயர், பிறந்த தேதி எல்லாம் அந்தக் கோப்பில் இருக்கும், ஆகவே கண்ட இணையதளத்தில் ஏற்றி "இலவசமாக அளந்து தருகிறோம்" என்பவர்களிடம் கொடுக்க வேண்டாம்.